மாதவரம் மனையில் ஒரு சீஸ்மிக் சர்வே: கொடுத்த காசுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையில், இருநூறு அடிச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, என் மச்சான் வாங்கிப் போட்டிருந்த மனையில் சரக்குக் கிடங்கு ஒன்று கட்டுவதென்று முடிவாயிற்று. 80 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். நம் கணக்கில் ஏறத்தாழ 16 கிரவுண்டு. முப்பது ஆண்டுகளாகக் கட்டட ஒப்பந்த வேலை பார்க்கிறவன் என்பதால் அடித்தளப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. இந்தப் பக்கத்தில் வழக்கமாக நாங்கள் செய்வது இரண்டு மூன்று இடங்களில் போர் (மண் மாதிரி எடுக்கும் ஆழ்துளை) போட்டு 'சாயில் டெஸ்ட்' எடுப்பதுதான். இம்முறை வடிவமைப்புப் பொறியாளர், போர் போடுவதற்கு முன்பாகச் சீஸ்மிக் ரிஃப்ராக்‌ஷன் எனப்படும் நில அதிர்வு விலகல் ஆய்வையும் செய்துவிட வேண்டுமென்று பிடிவாதமாகச் சொன்னார். அந்தச் சேவையை விலை கொடுத்து வாங்கிய அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஏனெனில் கீழே சொல்லப்போகும் குறைகளில் பாதி, வாங்குகிறவனாகிய நான் முன்கூட்டியே கேட்கத் தவறியதால் நேர்ந்தவை.

பொறியாளரின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. மனை பார்வைக்குப் பலகை போல மட்டமாக இருந்தது. வட சென்னையில் அப்படி மட்டமாக இருக்கும் காலி மனையைப் பார்த்தால் அனுபவசாலிகளுக்கு மகிழ்ச்சியைவிடச் சந்தேகமே முதலில் வரும். இடிபாடுகளைக் கொட்டி நிரவியிருக்கிறார்கள் என்பது மேலே கிடந்த செங்கல் துண்டுகளிலேயே தெரிந்தது. எவ்வளவு ஆழத்துக்குக் கொட்டியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எதிர்ப்புறத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஆயாவிடம் கேட்டபோது, "அந்தாண்ட மூலைல குட்ட இருந்துது தம்பி, எங்க மாடுங்க அதுலதான் தண்ணி குடிக்கும்" என்று கையை நீட்டினார். கை நீண்ட திசை வடகிழக்காகவும் இருக்கலாம், வடக்காகவும் இருக்கலாம். 3,600 சதுர மீட்டர் பரப்பில் மூன்று போர் போட்டால், ஒரு சாண் அகலமுள்ள மூன்று துளைகளில் இருப்பது மட்டுமே உறுதியாகத் தெரியும். இடையில் இருப்பதை ஊகத்தால்தான் நிரப்ப வேண்டும். அந்த இடைவெளியை நிரப்புவதற்கான கருவியாகத்தான் இந்த ஆய்வைச் சொல்கிறார்கள்.

இதன் இயங்குமுறை எளிமையானது. தரையில் ஓர் உலோகத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடிக்கிறார்கள். அதிர்வு மண்ணுக்குள் பரவுகிறது. தரையில் நேர்கோட்டில் ஊன்றப்பட்ட ஜியோபோன்கள் என்னும் உணர்கருவிகள், அதிர்வு தம்மை வந்தடைந்த நேரத்தை மில்லி விநாடிக் கணக்கில் பதிவு செய்கின்றன. அருகிலுள்ள ஜியோபோன்களுக்கு, மேல்மண் வழியாக நேராக ஓடிவரும் அலையே முதலில் வரும். தொலைவிலுள்ளவற்றுக்கோ, கீழே இறங்கி, வேகம் மிகுந்த அடுக்கின் முகட்டை ஒட்டியே ஓடி, மீண்டும் மேலேறி வரும் அலை முந்திக்கொள்ளும். மாதவரத்திலிருந்து தாம்பரம் போகிறவர் கொஞ்சம் சுற்றியாவது புறவழிச்சாலையைப் பிடித்தால் ஊருக்குள் நேர்வழியில் போகிறவரைவிட முன்னதாகப் போய்ச் சேர்வதைப் போன்றது இது. பக்கத்துத் தெருவுக்குப் போக யாரும் புறவழிச்சாலை ஏறுவதில்லை. நேர்வழி அலையும் சுற்றுவழி அலையும் ஒரே நேரத்தில் வந்துசேரும் தூரம் எதுவென்று கண்டுபிடித்துவிட்டால், அதிலிருந்து கீழடுக்கின் ஆழத்தைக் கணக்கிட்டுவிடலாம். அலை வளையும் கோணத்தை ஆளுவது பள்ளியில் ஒளிவிலகலுக்குப் படித்த அதே ஸ்னெல் விதிதான். இந்த முறை புதிதும் அன்று. 1909 அக்டோபரில் குரோவேஷியாவில் நேர்ந்த நிலநடுக்கத்தின் பதிவுகளில் ஒரே அதிர்வு இருமுறை வந்துசேர்ந்திருப்பதைக் கண்ட மொகொரோவிச்சிச் என்னும் நிலநடுக்க ஆய்வாளர், பூமியின் மேலோட்டுக்குக் கீழே வேகம் திடீரென மாறும் எல்லை ஒன்று இருப்பதை இதே தர்க்கத்தால்தான் கண்டறிந்தார். அவர் கிலோமீட்டர்களில் செய்ததை இவர்கள் மீட்டர்களில் செய்கிறார்கள். இந்தியாவில் இதற்கென 2006-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 15681 என்ற தர விதிமுறையும் இருக்கிறது. விலைப்புள்ளி கேட்கும்போதே அதைக் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

இனி, அந்த நாளைப் பற்றி. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியற்காலை நாலரை மணிக்கே நான்கு பேர் கொண்ட குழு வந்திறங்கியது. ஞாயிற்றுக்கிழமையையும் அந்த நேரத்தையும் அவர்களே கேட்டு வாங்கியிருந்தார்கள்; இது எனக்கு முதல் நல்ல அடையாளமாகப் பட்டது. துறைமுகங்களுக்கும் மணலிக்கும் போய்வரும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையிலிருந்து 100 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, 8 கிலோ சம்மட்டியின் அதிர்வைக் கேட்பதென்பது கல்யாண மண்டபத்தில் மேளத்துக்கு நடுவே இரகசியம் கேட்பதற்குச் சமம். லாரி எழுப்பும் அதிர்வு சம்மட்டி அடியைச் சுலபமாக விழுங்கிவிடும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் மருந்து, ஒரே இடத்தில் பலமுறை அடித்துப் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுவது. சம்மட்டியின் அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் வருவதால் வலுக்கிறது. லாரிகளின் இரைச்சல் முறைகெட்டு வருவதால் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்கிறது. ஆனால் இலாபம் அடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்கே கிடைக்கும்: 4 அடி அடித்தால் தெளிவு இரண்டு மடங்கு, 16 அடி அடித்தால் நான்கு மடங்கு. ஆகவே இரைச்சலான நேரத்தில் வந்து அதிகமாக அடிப்பதைவிட, அமைதியான நேரத்தில் வந்து அளவாக அடிப்பதே அறிவுடைமை. ஏழரை மணிக்குப் பிறகு போக்குவரத்து கூடியதும், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் சாலையோரம் நின்ற ஒருவர் கையை உயர்த்தி 'இப்போது அடிக்கலாம்' என்று சைகை காட்ட வேண்டியதாயிற்று.

24 ஜியோபோன்களை 3 மீட்டர் இடைவெளியில் ஊன்றினார்கள். கோட்டின் நீளம் 69 மீட்டர். மனையின் நீளவாக்கில் அப்படி இரண்டு கோடுகள், குறுக்கே சிறியதாக ஒன்று. இடிபாட்டு மண்ணில் ஜியோபோனின் ஆணி இறங்குவது பெரும்பாடாக இருந்தது. கடப்பாரையால் துளையிட்டு, ஈரமண் இட்டு, ஆணியை அழுத்தி, கையால் அசைத்துப் பார்த்து, ஆடினால் பிடுங்கி அரை அடி தள்ளி மறுபடி ஊன்றிய அந்த இளைஞரின் பொறுமையை நான் பாராட்டியே ஆக வேண்டும். ஆடுகிற ஜியோபோன் மண்ணைக் கேட்பதில்லை. தன் ஆட்டத்தையே கேட்கிறது. அக்கம்பக்கத்தார் நாங்கள் போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்ப்பதாக எண்ணிக்கொண்டு கூடிவிட்டார்கள்; 'இதைவிட உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்க்கிறவர் துல்லியமாகச் சொல்வார்' என்று ஒரு பெரியவர் எனக்கு ஆலோசனையும் வழங்கினார். நடுவில் சம்மட்டிப் பிடியில் கட்டப்பட்டிருந்த டிரிகர் ஒயர் அறுந்துபோனதால் முக்கால் மணி நேரம் வீணாயிற்று. அடி விழுந்த கணத்தைக் கருவிக்குச் சொல்வது அந்த ஒயர்தான். அது இல்லாவிட்டால் நேரக் கணக்குக்குத் தொடக்கமே இல்லை. மாற்று ஒயர் கொண்டுவராமல் சாலையோரக் கடையில் டேப் வாங்கி ஒட்டியது, இவ்வளவு முன்யோசனையோடு வந்த குழுவுக்குப் பொருந்தாத செயல்.

வேலையிடத்தில் நான் கவனிக்கத் தவறி, பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டபோது புலப்பட்ட பெரிய குறை, ஜியோபோன்களின் இடைவெளியில் இருந்தது. மனையின் ஓரத்தில் உள்ள பழைய உறைகிணற்றில் அன்று தண்ணீர் தரைமட்டத்திலிருந்து 2.8 மீட்டர் ஆழத்தில் நின்றது. நான் கயிறு விட்டு அளந்தேன். மேலே உலர்ந்த கொட்டல் மண்ணில் அலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். தண்ணீர் நிறைந்த மண்ணில் சுமார் 1,550 மீட்டர். இந்த மூன்று எண்களையும் வைத்துக் கணக்கிட்டால், சுற்றுவழி அலை முந்திக்கொள்ளும் தூரம் ஏறத்தாழ 7 மீட்டர் என்று வருகிறது. அதாவது அடித்த இடத்திலிருந்து 3 மீட்டரிலும் 6 மீட்டரிலும் இருக்கும் இரண்டே ஜியோபோன்கள்தான் மேல்மண்ணின் வேகத்தைச் சொல்கின்றன. மற்றவை எல்லாம் தண்ணீருக்குக் கீழே நடப்பதைச் சொல்கின்றன. இரண்டு புள்ளிகளை வைத்துக் கோடு போட்டால் அது எப்போதும் நேர்கோடாகத்தான் இருக்கும்; தவறா சரியா என்று சோதிக்க மூன்றாவது புள்ளி இல்லை. அந்த வேகத்தை 350 என்று கொள்ளாமல் 280 என்று கொண்டால் ஆழம் 2.2 மீட்டர், 420 என்று கொண்டால் 3.4 மீட்டர். கிணறு ஒன்று இருந்ததால் நான் தப்பித்தேன். ஆழமில்லாத அடுக்குகளே முக்கியம் என்றால், ஒவ்வொரு அடியிடத்துக்கும் அருகில் சில ஜியோபோன்களையாவது 1 மீட்டர் இடைவெளியில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. நல்ல தாள், வண்ண வண்ணக் குறுக்குவெட்டுப் படங்கள், தடித்த அட்டை. மேலடுக்குக்கு 'தளர்வான நிரப்பு மண்' என்று பெயரிட்டிருந்தார்கள், சரி. அதற்குக் கீழே 1,500 முதல் 1,650 வரை வேகமுள்ள இரண்டாம் அடுக்குக்கு 'இறுக்கமான மண் முதல் சிதைந்த பாறை வரை' என்று எழுதி, பார்வைக்கே உறுதியாகத் தோன்றும் பச்சை வண்ணமும் தீட்டியிருந்தார்கள். மச்சான் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு, "மூணு மீட்டர்லயே கெட்டி மண்ணு வந்துடுச்சே மச்சான், பைல் எதுக்கு?" என்று, ஆழத்துக்கு இறக்கும் காங்கிரீட் தூண்களைப் பற்றிக் கேட்டார். இந்த மதிப்பீட்டை நான் எழுத உட்கார்ந்ததற்கே அந்தக் கேள்விதான் காரணம்.

தண்ணீரில் ஒலி அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர். மண்ணின் துளைகள் முழுவதும் தண்ணீரால் நிறைந்துவிட்டால், அந்த மண் எவ்வளவு கொழகொழப்பாக இருந்தாலும், இந்த ஆய்வு அளக்கும் அழுத்த அலை அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே 1,500-ஐ ஒட்டிய வேகத்தில் ஓடிவிடும். காலை வைத்தால் முழங்கால்வரை புதையும் களிமண்ணும், ஓரளவு இறுகிய மணலும், நிலத்தடி நீருக்குக் கீழே இந்த அலைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். நூல்களில் காணப்படும் வேக அட்டவணையில் 1,500 என்ற எண்ணுக்கு நேராகச் சிதைந்த பாறையின் பெயரும் இருக்கும், நீர் நிறைந்த மண்ணின் பெயரும் இருக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அலுவலக மேசையில் தீர்மானிக்கும் விஷயம் அன்று. மனையிலுள்ள கிணற்றை எட்டிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது. தரைக்குக் கீழே இரண்டு மூன்று மீட்டரிலேயே தண்ணீர் நிற்கும் வட சென்னையின் பெரும்பகுதியில், இந்த ஆய்வு முதலில் காட்டும் 'உறுதியான அடுக்கு' பெரும்பாலும் நிலத்தடி நீர்மட்டமே என்பதை, ஆய்வை விற்கிறவர்கள் விலைப்புள்ளியின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்பேன்.

போர் போட்டபோது உண்மை வெளிவந்தது. 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவைத்து, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவை என்று எண்ணும் எஸ்.பி.டி. சோதனையில், 3 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரை கிடைத்த எண்கள் 3, 4, 5 என்றே இருந்தன. வெளியே வந்தது சாம்பல் நிறத்தில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் களிமண். அறிக்கையில் பச்சை பூசப்பட்டிருந்த அடுக்கு இதுதான். போர் விவரத்தை அனுப்பிக் கேட்டதும் நிறுவனம் வாதம் செய்யாமல், 'நீர் நிறைந்த மண், உறுதி பற்றி இந்த ஆய்வால் கூற இயலாது' என்று திருத்தி மறு அறிக்கை அனுப்பியது. தவறை ஒப்புக்கொண்டதற்காக மதிப்பெண் கொடுக்கிறேன். ஆனால் போர் போடாமல் முதல் அறிக்கையை நம்பிச் சாதாரண ஃபுட்டிங் (ஆழமில்லாத அடித்தளம்) போட்டிருந்தால், திருத்தி அனுப்ப என்ன இருந்திருக்கும் என்று எண்ணும்போது அந்த மதிப்பெண்ணில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், கொடுத்த பணம் வீணாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். காரணம் அந்த வடகிழக்கு மூலை. நீளவாக்கிலான இரண்டாவது கோட்டில், அடுத்தடுத்த ஐந்து ஜியோபோன்களுக்கு அலை சுமார் 4 மில்லி விநாடி தாமதமாக வந்திருந்தது. மேற்கிலிருந்து அடித்தபோதும் அதே ஐந்து, கிழக்கிலிருந்து அடித்தபோதும் அதே ஐந்து. இரு திசையிலிருந்தும் ஒரே இடத்தில் தாமதம் என்றால், வழியில் வேறெங்கும் கோளாறு இல்லை, அந்த ஜியோபோன்களுக்கு நேர் கீழேதான் ஏதோ மெதுவான பொருள் இருக்கிறது என்று பொருள். இதைப் பதிவு செய்த அன்று மாலையே அலைபேசியில் அழைத்து, "சார், அந்த மூலையைத் தோண்டிப் பாருங்க, கீழ குழி மாதிரி இருக்கு" என்று சொன்னார்கள். அறிக்கைக்காகக் காத்திராமல் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தக் குழுத் தலைவரை நான் மறுபடியும் அழைப்பேன்.

இதில் விந்தை என்னவென்றால், மேலே நான் விவரித்தபடி தண்ணீருக்குக் கீழே எல்லாம் 1,500-ஆகத் தெரிய வேண்டும். பிறகு குட்டை மட்டும் எப்படித் தனியாகத் தெரிந்தது? ஜே.சி.பி. வைத்து 4 மீட்டர் தோண்டியதும் விடை கிடைத்தது. கறுப்புச் சேறு, பிளாஸ்டிக் கவர்கள், தேங்காய் மட்டை, மக்கிய துணி, நடுநடுவே செங்கல். குழியில் ஊறிய தண்ணீரின் மேல் சோறு கொதிப்பதைப் போலக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. குப்பை மக்கும்போது உண்டாகும் வாயு அது. நீர் நிறைந்த மண்ணில் வாயுக் குமிழி நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே போதும். தண்ணீரின் இறுக்கத்தைப் பிடித்து ஓடும் அலை பிடிமானம் இழந்து வேகம் பெரிதும் சரிந்துவிடும். அந்தப் பகுதிக்கு அவர்கள் கணக்கிட்டிருந்த வேகம் விநாடிக்கு 600 மீட்டர்தான். அந்த வேகத்தையும் 4 மில்லி விநாடித் தாமதத்தையும் வைத்துக் குட்டையின் அடி 5.5 மீட்டர் ஆழத்தில் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மனையின் நடுவில் போடுவதாக இருந்த மூன்றாவது போரை அங்கே மாற்றிப் போட்டோம், கொட்டல் 5.3 மீட்டரில் முடிந்து பழைய களிமண் தொடங்கியது. ஆயாவின் விரல் சுட்டிய குட்டைக்கு 12 மீட்டர் அகலமும் ஓர் ஆழமும் கிடைத்துவிட்டன. இந்த ஆய்வு இல்லாமல் மூன்று போர்களையும் திட்டமிட்டபடியே போட்டிருந்தால் மூன்றுமே குட்டையைத் தவறவிட்டிருக்கும்.

பாறை விஷயத்துக்கு வருகிறேன். அறிக்கையில் 17 மீட்டர் ஆழத்தில் மனையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தமான ஒரு கோடு வரைந்து, 2,200 வேகமுள்ள 'சிதைந்த பாறை' என்று எழுதியிருந்தார்கள். நான் கச்சாப் பதிவுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இவ்வளவு குறைந்த வேக வேறுபாட்டில், அந்த ஆழத்து அடுக்கிலிருந்து வரும் அலை 60 மீட்டர் தாண்டித்தான் முந்திக்கொள்ள முடியும். ஜியோபோன் கோடோ 69 மீட்டரில் முடிந்துவிடுகிறது. ஆக, கடைசி ஜியோபோன்கள் இரண்டு மூன்றின் சாட்சியத்தை வைத்துக்கொண்டு மனை முழுவதற்கும் கோடு இழுத்திருக்கிறார்கள். 22 மீட்டர் வரை இறங்கிய போரில் பாறை வரவில்லை; 17 மீட்டரை ஒட்டி இறுகிய களிமண் தொடங்கி எஸ்.பி.டி. எண் 40-ஐத் தாண்டியது. அடுக்கு மாறும் ஆழத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். பெயர் வைத்ததில்தான் மறுபடியும் சறுக்கல். காண விரும்பும் ஆழத்தைப்போல நான்கைந்து மடங்கு நீளமாவது கோடு இருக்க வேண்டும் என்பது இத்துறையில் கைக்கணக்கு. 80 மீட்டர் மனையில் 17 மீட்டருக்குக் கீழே நம்பிக்கையோடு பேச இடமில்லை.

இருந்தாலும் அதே பதிவுகளில் அவர்கள் எழுதாமல் விட்ட பயனுள்ள செய்தி ஒன்று ஒளிந்திருந்தது. விநாடிக்கு 4,500 மீட்டருக்கு மேல் வேகமுள்ள திடமான பாறை 17 மீட்டரில் இருந்திருந்தால், அதன் அலை சுமார் 40 மீட்டர் தூரத்திலேயே முந்திக்கொண்டு, தூரத்துக்கு எதிராக நேரத்தைக் குறித்த வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்திருக்கும். கோட்டின் கடைசிவரை அது தென்படவில்லை என்பதால், ஏறத்தாழ 25 மீட்டருக்குள் திடப்பாறை இல்லை என்று துணிந்து சொல்லலாம். பாறையில் ஊன்றும் பைல் என்ற யோசனையை எங்கள் பொறியாளர் கைவிட்டு, 17 மீட்டருக்குக் கீழுள்ள இறுகிய களிமண்ணில் நிற்கும் பைலுக்கு மாறியது இந்தக் கணக்குக்குப் பிறகுதான்.

இன்னொரு வருத்தமும் உண்டு. களிமண்ணின் உறுதியை அழுத்த அலை சொல்லாது என்றால், அதைச் சொல்லக்கூடிய அலை எது? பக்கவாட்டில் அசையும் குறுக்கலை. தண்ணீருக்கு வளைந்து நிமிரும் உறுதி கிடையாது என்பதால் குறுக்கலை தண்ணீரில் பரவாது. மண்ணின் எலும்புக்கூட்டை நம்பித்தான் அது ஓட வேண்டும். ஆகவே மென்களிமண்ணில் அதன் வேகம் 180-க்கும் கீழே விழுந்து உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். தரையின் மேற்பரப்பில் உருளும் அலைகளைப் பதிவு செய்து குறுக்கலை வேகத்தைக் கண்டறியும் எம்.ஏ.எஸ்.டபிள்யூ. என்ற முறைக்கு வேண்டியவை அதே சம்மட்டி, அதே கேபிள், 4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன்கள். இவர்கள் கொண்டுவந்தவையும் 4.5 ஹெர்ட்ஸ்தான்! ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கால் விநாடி மட்டுமே பதிவு செய்திருந்தார்கள். விநாடிக்கு 120 மீட்டர் வேகத்தில் நகரும் மேற்பரப்பு அலை கோட்டின் கடைசி ஜியோபோனை எட்ட அரை விநாடிக்கு மேல் ஆகும். அது வந்துசேர்வதற்குள் கருவி பதிவை நிறுத்திவிட்டது. பதிவு நேரத்தை 2 விநாடி என்று மாற்றிச் சில அடிகள் கூடுதலாக அடித்திருந்தால், ஒரே காலைப் பொழுதில் எங்களுக்கு இரண்டு ஆய்வுகள் கிடைத்திருக்கும். இதை நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இடத்துக்கு இடம் இந்தச் சேவையின் மதிப்பு மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் சார்னோகைட் என்னும் கடினமான பாறை தரைக்கு மேலேயே தலைகாட்டுகிறது. ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893-இல் அந்தப் பாறைக்கு அப்பெயரிட்டதற்கு மூலமே பல்லாவரம் பகுதிக் கல்தான். அங்கே மண்ணுக்கும் பாறைக்கும் வேக வேறுபாடு பத்து மடங்குக்கு மேல் இருப்பதால், பாறை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதை இந்த முறை அழகாக வரைந்து கொடுத்துவிடும். திருவொற்றியூர், எண்ணூர் கடற்கரையோரத்தில் கதை வேறு. அங்கே மேலே இறுகிய ஈரமணலும் கீழே மென்களிமண்ணும் இருக்கக்கூடும். வேகம் மிகுந்த அடுக்குக்குக் கீழே வேகம் குறைந்த அடுக்கு இருந்தால் அலை மேலே திரும்பாமல் இன்னும் கீழ்நோக்கியே வளைவதால், அந்தக் களிமண் பதிவில் தடயமே இல்லாமல் மறைந்துபோகும். எவ்வளவு கெட்டிக்காரர் ஆய்வு செய்தாலும் இதற்குத் தீர்வு கிடையாது. அதே சமயம் மீஞ்சூர் வட்டாரத்தைப் போலக் கடல்நீர் உட்புகுந்த இடங்களில், மண்ணில் மின்சாரம் பாய்ச்சி அளக்கும் மின்தடை ஆய்வு உப்புநீர் மணலையும் களிமண்ணையும் பிரித்தறியத் திணறும். சம்மட்டி அலைக்கு உப்பைப் பற்றிக் கவலையில்லை.

செலவைப் பொறுத்தவரை, மூன்று கோடுகளுக்கும் சேர்த்து ஒன்றரைப் போருக்கு ஆகும் தொகைதான் வாங்கினார்கள்; நியாயமான விலை. கச்சாப் பதிவுகளைக் கொடுக்கத்தான் முதலில் தயங்கினார்கள், 'வழக்கமாகக் கொடுப்பதில்லை' என்றார்கள். பணம் கொடுத்தவருக்குப் பதிவுகள் சொந்தம் என்று வேலை உத்தரவிலேயே எழுதிவிட்டால் இந்தப் பேச்சு எழாது. களப்பணிக்கு ஐந்துக்கு நான்கும், முதல் அறிக்கைக்கு ஐந்துக்கு ஒன்றரையும், திருத்திய அறிக்கைக்கு மூன்றும் கொடுப்பேன்.

கிடங்கின் வரைபடத்தை வடகிழக்கில் 14 மீட்டர் உள்ளே இழுத்துவிட்டோம். குட்டை இருந்த மூலையில் காங்கிரீட் போடவில்லை. சரளை கொட்டி லாரி திருப்பும் இடமாக விட்டிருக்கிறோம். பெரிய மழை பெய்த மறுநாள் அங்கே போய் நின்றால், சரளைக்கு இடையே தேங்கிய தண்ணீரில் இப்போதும் சின்னச் சின்னக் குமிழிகள் வருகின்றன.